புற்றுநோய் ஆய்வாளர்களை ஒரே கூடத்தில் உட்கார வைப்பது எப்படி: முதன்முறை கருத்தரங்கு நடத்துவோருக்கு

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் நடந்த இரண்டு நாள் புற்றுநோய் ஆய்வுக் கருத்தரங்குக்கு அமைப்புச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முன்பு நடந்த கருத்தரங்குகளின் கோப்பைக் கேட்டபோது சால்வை, பூங்கொத்து, குத்துவிளக்கு வாடகை ஆகியவற்றின் ரசீதுகள் மட்டுமே கிடைத்தன. எந்த அனுமதியை எத்தனை மாதம் முன்பு கேட்க வேண்டும், எந்தத் தாளில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக இடறி விழுந்துதான் தெரிந்துகொண்டேன். அடுத்து இந்தப் பொறுப்பை ஏற்கப்போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். கருத்தரங்கு நன்றாக நடந்ததா என்பதை நான் கைதட்டலை வைத்து மதிப்பிடுவதில்லை. கலந்துகொண்ட இரு நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குள் ஒரே ஆய்வுத் திட்டத்தை, மனிதர்கள் தொடர்பான ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முன் வைத்தனவா என்பதே என் அளவுகோல். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இலக்கை நோக்கியே அடுக்கப்பட்டுள்ளன.

1. தலைப்பைக் குறுக்குங்கள்

"புற்றுநோய் ஆய்வில் புதிய போக்குகள்" என்று தலைப்பு வைத்தால் எல்லோரும் வருவார்கள்; ஒருவருக்கும் அடுத்தவரிடம் வேலை இருக்காது. ரத்தப் புற்றுநோயில் மரபணு மாற்றங்களைத் தேடுபவரும் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரும் தேநீர் இடைவேளையில் வானிலையைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரே ஓர் உறுப்பையோ ஒரே ஒரு கேள்வியையோ எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாய்ப்புற்றை எடுத்துக்கொண்டோம். அதனால் அறுவை மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர், ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர், புகையிலைப் பழக்கத்தை ஆராயும் சமூக மருத்துவர், புள்ளியியலாளர் ஆகிய ஐவரும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேச முடிந்தது.

2. தேதியைப் பத்து மாதம் முன்பே முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் நடத்துவதாக இருந்தால் தவிர்க்க வேண்டிய காலங்கள் பல. அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை மழை. டிசம்பர் பிற்பாதியில் சென்னையில் கச்சேரிக் காலம் என்பதால் அறை வாடகை ஏறிவிடும். பொங்கல் வாரமும் பல்கலைக்கழகத் தேர்வு வாரங்களும் ஆகாது. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். அந்த நாள்களுக்குப் பொருத்தமாக இருக்குமே என்று ஆசைப்படாதீர்கள். நீங்கள் அழைக்க நினைக்கும் மருத்துவர்கள் அன்று அவரவர் மருத்துவமனையின் முகாமிலும் பேரணியிலும் இருப்பார்கள். திங்கள், செவ்வாய் புறநோயாளி பிரிவில் கூட்டம் அலைமோதும் என்பதால் மருத்துவர்களுக்கு வெள்ளியும் சனியுமே ஓரளவு வசதி. எங்களுக்கு ஜூலை இறுதி ஒத்துவந்தது.

3. பணம்: எங்கிருந்து, எப்போது

120 பேர், இரண்டு நாள், சொந்தக் கல்லூரி அரங்கம் என்ற கணக்கில் எங்களுக்கு மொத்தம் 7,37,000 ரூபாய் ஆனது. இதில் சாப்பாடும் தேநீரும் ஒரு இரவு விருந்தும் மட்டும் 2,64,000. பத்துப் பேச்சாளர்களின் பயணச்சீட்டுக்கு 2,21,000. அதில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு மட்டும் 95,000. அரங்கம் இலவசம்தானே என்று நினைத்திருந்தேன். ஒலிபெருக்கி, திரை, குளிர்சாதனம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பட்டியல் வந்தது.

மானியம் கேட்கக்கூடிய இடங்கள்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், உயிரித்தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்இஆர்பி) என்று முன்பு அறியப்பட்டு இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் வந்துவிட்ட அமைப்பு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காலக்கெடுவை இணையதளத்தில் போட்டிருக்கும். கருத்தரங்குக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்ற கணக்கோடு தொடங்கினால், கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதத்தை அதற்கும் ஒரு மாதம் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பேச்சாளர்களின் இசைவுக் கடிதம், நிகழ்ச்சி நிரல் வரைவு, வரவு செலவுத் திட்டம், நிறுவனத்தின் பதிவுச் சான்று, முந்தைய மானியம் ஏதும் இருந்தால் அது எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இவற்றையே வேறு வேறு வரிசையில் கேட்பார்கள்.

பொறி 1: அனுமதிக் கடிதம் வருவது வேறு, பணம் வருவது வேறு. எங்களுக்கு அனுமதியான இரண்டு மானியங்களில் ஒன்று கருத்தரங்கு முடிந்து நாலரை மாதம் கழித்துக் கணக்கில் ஏறியது. அதுவரை சமையல் ஒப்பந்தக்காரரின் தொலைபேசியை எடுக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. நிர்வாகத்திடம் முன்பணம் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே சமையலுக்கு அச்சாரம் கொடுங்கள்.

பொறி 2: மத்திய அரசு மானியத்தில் விமானச்சீட்டு எடுப்பதாக இருந்தால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகவே எடுக்க வேண்டும். பேச்சாளர் தாமே கைபேசியில் மலிவாக ஒரு சீட்டு எடுத்துவிட்டு ரசீது அனுப்பினால் தணிக்கையில் அது தள்ளுபடியாகும். அழைப்புக் கடிதத்திலேயே இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பொறி 3: வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நன்கொடை தருவதாகச் சொன்னால் உடனே வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் உங்கள் நிறுவனத்துக்குப் பதிவோ முன் அனுமதியோ இருந்தால்தான், அதற்கென உள்ள கணக்கில்தான், அந்தப் பணத்தைப் பெற முடியும். இரண்டும் இல்லையென்றால் அந்த வாசலை அங்கேயே மூடிவிடுவது நல்லது.

மருந்து நிறுவனங்கள் அரங்கில் கடை போட்டுக் கட்டணம் தருவது வழக்கம். ஆனால் 2024இல் வந்த மருந்து விற்பனை நடத்தை நெறியின்படி, பேச்சாளராக இல்லாத மருத்துவருக்கு அவர்கள் பயணச் செலவோ தங்கும் செலவோ தர முடியாது. "இருபது மருத்துவர்களை நாங்களே அழைத்து வருகிறோம்" என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பதிவுக் கட்டணமாக மாணவருக்கு 1,000, ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் 2,500 என்று வைத்தோம். இதற்கு ஜிஎஸ்டி உண்டா இல்லையா என்பதை அறிவிப்பு அச்சாகும் முன்பே உங்கள் நிதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. யாரை அழைப்பது, எந்தக் கடிதத்தில்

பெரிய பெயர்களைத் துரத்த வேண்டாம். ஒரு மணி நேரம் பேசிவிட்டு மாலை விமானத்தைப் பிடிக்கும் பேராசிரியரால் மேடைக்குச் சிறப்பு. கூட்டாய்வுக்குப் பயன் குறைவு. ஓரிரவு ரயில் பயணத்தில் வரக்கூடியவர்களை முதலில் கணக்கெடுங்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு கித்வாய் புற்றுநோய் நிறுவனம், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், தலச்சேரி மலபார் புற்றுநோய் மையம் எல்லாம் எட்டும் தூரம். இவர்கள் இரண்டு நாளும் தங்குவார்கள், மறுமாதம் மீண்டும் வரவும் தயங்கமாட்டார்கள்.

ஆய்வகத்தாரும் மருத்துவர்களும் மட்டும் போதாது. புற்றுநோய்ப் பதிவேட்டில் பணியாற்றும் ஒருவரையாவது அழையுங்கள். எந்த மாவட்டத்தில் எந்த வகை எத்தனை பேருக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியும், உங்கள் ஆய்வுக்குப் போதுமான நோயாளிகள் கிடைப்பார்களா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். திசு மாதிரியே கையில் இல்லாத கல்லூரிகள் வருவதாக இருந்தால் சென்னை ஐஐடியின் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கியிலிருந்து ஒருவரை அழைத்து, விண்ணப்பிக்கும் முறையை அரைமணி நேரம் விளக்கச் சொல்லுங்கள். டாடா நினைவு மையம் முன்னின்று 2012இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் 300க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் மருத்துவமனை அதில் உறுப்பினரா என்று பார்த்து, உறுப்பினராக இருந்தால் அங்குள்ள தொடர்பாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவர்களை அழைக்கும்போது கடிதத்தை அவர் பெயருக்கு மட்டும் அனுப்பினால் அவரால் வர முடியாமல் போகலாம். டீன் வழியாக என்று முகவரியிட்டு, பணி நிமித்தம் செல்ல (ஓ.டி.) அனுமதி கோரி, இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள். "சார், ஓ.டி. ஆர்டர் இன்னும் வரலை" என்று முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் அழைத்தபோது, அந்த அமர்வுக்கு மாற்று ஆள் என்னிடம் இல்லை.

இன்னொன்று: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் தொடர் மருத்துவக் கல்விக்கான கிரெடிட் மணிநேரத்துக்கு விண்ணப்பியுங்கள். பதிவைப் புதுப்பிக்க மருத்துவர்களுக்கு அது தேவைப்படுகிறது. கருத்தரங்குக்கு முன்பே ஒப்புதல் வாங்கி அறிவிப்பில் அச்சிட்டால் மருத்துவர்களின் பதிவு கண்கூடாக உயரும்.

5. வெளிநாட்டுப் பேச்சாளர் இருந்தால்

ஒருவருக்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த ஒருவருக்கே தாள் வேலை ஏராளம். அவர் சுற்றுலா விசாவில் வந்து மேடையேறக் கூடாது. கருத்தரங்கு விசாவில்தான் வர வேண்டும். அதற்கு உங்கள் அழைப்புக் கடிதத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் கேட்கப்படும். இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள், பேச்சாளர் அல்ல. கலந்துகொள்ளும் ஒவ்வொரு வெளிநாட்டவரின் பெயர், நாடு, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றைத் தர வேண்டியிருப்பதால், யார் வருகிறார் என்று உறுதியாகாமல் விண்ணப்பமே போட முடியாது. நான்கு மாதம் முன்பே பெயரை உறுதி செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு முன் அனுமதி கையில் வரவில்லையென்றால் அவரை இணையவழியில் பேச வைக்கும் மாற்று ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். விமானச்சீட்டையும் ரத்து செய்யக்கூடிய வகையிலேயே எடுங்கள்.

6. "கையில் உள்ளது, தேவைப்படுவது" பட்டியல்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். பதிவுப் படிவத்தில் பெயர், பதவி, உணவு விருப்பம் ஆகியவற்றோடு ஐந்து கேள்விகளைக் கட்டாயமாக்கினோம்: உங்களிடம் என்ன மாதிரி அல்லது தரவு அல்லது கருவி இருக்கிறது, எத்தனை, எது இல்லாமல் உங்கள் வேலை நின்றுகொண்டிருக்கிறது, இதற்கான நெறிமுறைக் குழு அனுமதி எண்ணும் அது முடியும் தேதியும் என்ன, மாதிரியை வெளியே தர யார் கையெழுத்திட வேண்டும்.

வந்த விடைகளில் ஒன்றை அப்படியே தருகிறேன். "வாய்ப்புற்று, பாரஃபின் பிளாக் 140, ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பு விவரம் உண்டு. மரபணு வரிசைப்படுத்தும் வசதி இல்லை." பாரஃபின் பிளாக் என்பது நோயாளியின் திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி. அந்த விடையை எழுதியவர் மாவட்டத் தலைநகர் ஒன்றின் நோய்க்குறியியல் மருத்துவர். பட்டியலில் பதினேழு வரி தள்ளி, வரிசைப்படுத்தும் கருவியை வைத்துக்கொண்டு, தொடர் கண்காணிப்பு விவரம் உள்ள மாதிரி கிடைக்காமல் தவித்த ஓர் ஆய்வகம் இருந்தது. இரு ஊருக்கும் இடையே பேருந்தில் இரண்டு மணி நேரம்தான். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை.

பதிவு முடிந்ததும் இந்த விடைகளை ஒரே எக்செல் தாளில் போட்டு, ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவரும் மருத்துவமனையைச் சேர்ந்த ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இணைகளைக் குறிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு முழு சனிக்கிழமை ஆனது. நான்காம் கேள்வியை வெற்றிடமாக விட்டவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அனுமதி காலாவதியாகிவிட்டது என்பதைப் பலர் அப்போதுதான் கவனிப்பார்கள்.

7. ஆய்வுச் சுருக்கமும் ஸ்லைடும்

சுருக்கங்களை வாங்க எட்டு வாரம் முன்பு கெடு வையுங்கள், எப்படியும் ஒரு வாரம் நீட்டிக்க வேண்டிவரும். இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சுருக்கப் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

முதலாவது, நோயாளியின் அடையாளம். முந்தைய மாலை ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு சிடி ஸ்கேன் படத்தின் இடது மேல் மூலையில் நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனை எண் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. வேறொன்றில் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய சீட்டோடு சேர்த்தே படமெடுத்திருந்தார்கள். கறுப்புப் பட்டை வைத்து மறைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். பட்டையைச் சொடுக்கி நகர்த்தினால் கீழே எல்லாம் தெரியும். படத்தையே வெட்டிச் சேமிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காப்புரிமை. புதிய மூலக்கூறு, புதிய கண்டறியும் முறை என்று எதையாவது காட்டப்போகிறவர் அதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். அறிவியல் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு இந்தியச் சட்டம் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு 12 மாதச் சலுகை தருகிறது. ஐரோப்பாவில் பொதுவெளியில் காட்டிவிட்டாலே புதுமை போய்விட்டதாகக் கொள்வார்கள். ஆய்வு முடிவுகளைப் போஸ்டராக ஒட்டுவதும் பொதுவெளிதான்.

8. அந்த இரண்டு நாள்

தொடக்க விழாவுக்கு முப்பது நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் தராதீர்கள். இதில் முதல்வரோடு எனக்குச் சிறு மனக்கசப்பே வந்தது. உரைகளை 15 நிமிடமாகச் சுருக்கி, இரண்டாம் நாள் முற்பகல் முழுவதையும் மேசைச் சந்திப்புகளுக்கு ஒதுக்குங்கள். பன்னிரண்டு மேசை, மேசைக்கு நான்கு பேர், 25 நிமிடம், பிறகு மணி அடித்து இடம் மாறுதல். ஒவ்வொரு மேசையிலும் ஒரு முதுகலை மாணவர் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்: யார் எதைத் தருவதாகச் சொன்னார், எந்தத் தேதிக்குள், அடுத்த அடியை எடுத்து வைப்பவர் யார். அந்தத் தாளில் நால்வரும் அங்கேயே கையெழுத்திட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். போஸ்டர்களை உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் வையுங்கள். மூலையில் தனி அறையில் வைத்தால் தன் போஸ்டருக்கு முன் மாணவர் மட்டும் நிற்பார்.

9. கணக்கு முடித்தல்

முப்பது நாளுக்குள் முடித்துவிடுங்கள், ஆறினால் தாள்கள் கிடைக்காது. விமான ஏறும் அட்டைகளைப் பேச்சாளர் அரங்கிலிருந்து கிளம்பும் முன்பே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பயணத்து அட்டையை மறுநாளே கேட்டு வாங்குங்கள். மத்திய அரசு மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழை ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில், செலவு விவர அறிக்கையோடு தர வேண்டும். எந்தச் செலவினத்துக்கு மானியம் என்று அனுமதி ஆணையில் உள்ளதோ அந்தச் செலவினத்தின் ரசீதுகளை மட்டும் அதில் காட்டுங்கள். அச்சுச் செலவுக்குத் தந்த பணத்தில் விருந்தைக் காட்டினால் அடுத்த மானியம் அங்கேயே நின்றுவிடும்.

10. கைகுலுக்கலுக்குப் பின்

இங்கேதான் பெரும்பாலான கூட்டாய்வுகள் சாகின்றன. எங்கள் கருத்தரங்கில் உருவான முதல் இணை, மாதிரிகளை அனுப்ப ஆயத்தமாகி, ஒன்பது மாதம் காத்துக் கிடந்தது. காரணம் ஒரே ஒரு வரி: நோயாளிகளிடம் பெற்ற ஒப்புதல் படிவத்தில் "இந்நிறுவனத்தில் நடக்கும் ஆய்வுக்கு" என்று இருந்தது. வேறு நிறுவனத்துக்கு அனுப்ப அது இடம் தரவில்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதல் இரண்டு வாரத்தில் இரு தரப்பும் பழைய ஒப்புதல் படிவங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். பகிர்வுக்கு இடமில்லையென்றால் புதிய ஒப்புதல் பெறலாம். சிகிச்சைக்குப் பின் எஞ்சிய, அடையாளம் நீக்கிய மாதிரியாக இருந்தால் ஒப்புதலிலிருந்து விலக்குக் கேட்டு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்கவும் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள் வழி வைத்திருக்கின்றன. விலக்கு தருவதும் மறுப்பதும் குழுவின் முடிவு. இரு நிறுவனங்களின் நெறிமுறைக் குழுக்களும் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றவையா என்று பாருங்கள். சிறு கல்லூரிகளில் குழு இருக்கும், பதிவு இருக்காது.

அடுத்தது ஒப்பந்தங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தமும் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் வேறு வேறு. முன்னதில் நிறுவனங்கள் கைகோக்கின்றன. பின்னதில்தான் எத்தனை மாதிரி, எதற்கு, மிச்சத்தை என்ன செய்வது, மூன்றாமவருக்குத் தரலாமா என்பவை இருக்கும். இரண்டிலும் கையெழுத்திடும் அதிகாரம் பதிவாளருக்கோ டீனுக்கோதான் உண்டு. துறைத் தலைவர் உற்சாகத்தில் மேடையிலேயே கையெழுத்திட்ட தாள் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அது செல்லாது. சட்டப் பிரிவு பார்த்து முடிக்க இரண்டு முதல் மூன்று மாதம் வையுங்கள். ஆசிரியர் பெயர் வரிசையையும் இந்தக் கட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிளாக்குகளைப் பல்லாண்டாகக் காத்துவந்த மருத்துவரின் பெயரைக் கட்டுரையின் அடியில் நன்றி வரியில் போட்டுவிட்டு, அவரிடமே அடுத்த தொகுதியைக் கேட்க முடியாது.

கூட்டாளி வெளிநாட்டில் இருந்தாலோ வெளிநாட்டு நிதி இருந்தாலோ, இவற்றோடு சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான ஹெச்எம்எஸ்சி ஒப்புதலும் தேவை. விண்ணப்பம் ஐசிஎம்ஆர் வழியாகப் போகிறது. ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழு அனுமதி, ஒப்பந்த வரைவுகள், நிதி விவரம் ஆகிய எல்லாம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும் என்பதால், இந்த வழியில் போகிறவர்கள் கால அட்டவணையில் கூடுதலாக அரையாண்டை ஒதுக்கிக்கொள்ளட்டும்.

ஒருங்கிணைப்பாளராக உங்கள் வேலை, மேசைத் தாள்களை வைத்துக்கொண்டு முதல், மூன்றாம், ஆறாம் மாதங்களில் ஒவ்வொரு இணையையும் தொலைபேசியில் அழைப்பது. மின்னஞ்சலுக்குப் பதில் வராது. இரண்டு முறை அழைத்தும் அசையாத இணையைக் கலைத்து, அந்த மாதிரியோ கருவியோ தேவைப்படும் அடுத்தவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

மாதிரிகள் கிளம்பும் நாளில் இரண்டு சிறு விஷயங்கள். உறைந்த திசு என்றால் உலர் பனிக்கட்டியில்தான் போக வேண்டும். வெள்ளி மாலை அனுப்பினால் ஞாயிறு முழுவதும் கூரியர் கிடங்கில் கிடக்கும் என்பதால் திங்கள் காலையில் அனுப்புங்கள். பாரஃபின் பிளாக்குகளுக்குக் குளிர் தேவையில்லை என்பார்கள். ஆனால் மே மாதத்து வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள் மெழுகு இளகிவிடும், ஆகவே இரண்டு குளிர் பொதிகளையாவது வையுங்கள். பெட்டிக்குள் பிளாக் எண்களின் பட்டியல் இரண்டு பிரதி இருக்கட்டும். பெறுபவர் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்து, கையெழுத்திட்டு, பிளாக்குகளைத் திருப்பித் தரும் தேதியையும் குறித்து ஒரு பிரதியை அன்றே திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் 140 பிளாக்குகளில் 139 என்று எழுதித்தான் அந்தப் பிரதி வந்தது. விடுபட்ட ஒன்று, அனுப்பியவரின் மேசை இழுப்பறையில் இருந்தது.